இடுப்புக்கும் பனிக்கும் நடுவே

கொலராடோவின் வின்டர் பார்க்கில் மலையடிவாரமே ஒன்பதாயிரம் அடி உயரம். டென்வரிலிருந்து காரில் வருகிறவர்கள் 11,307 அடியில் இருக்கும் பெர்தூட் கணவாயை ஏறித் தாண்டி இறங்குவார்கள். குளிர்காலத்தில் ஆம்ட்ராக் ரயிலும் உண்டு. மொஃபட் சுரங்கத்தின் இருட்டைக் கடந்து வெளியே வந்தால் கண்ணெதிரே சறுக்குச் சரிவு. எப்படி வந்தாலும் சக்கர நாற்காலியில் எங்கள் பயிற்சி மையத்துக்குள் நுழைகிறவரின் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். ஜன்னல் முழுக்க மலை. என் வேலையோ, அவரை அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து முக்கால் மணி நேரம் இடுப்பை அளப்பது.

பலருக்கு இது பொறுக்காது. ஆசை ஆசையாக ஊர்விட்டு ஊர் வந்தவரைத் தையற்கடைக்காரர் மாதிரி அளவெடுத்துக்கொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் நான் அவசரப்படுவதில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர் பனியில் சறுக்குவதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயே, கம்பளத் தரையிலேயே முடிவாகிவிடுகிறது. பனி வெறுமனே அதை உறுதி செய்யும்.

நான் பிசியோதெரபிஸ்ட். படித்தது வேலூரில். வார நாட்களில் மருத்துவமனை வேலை, குளிர்கால வாரக் கடைசிகளில் இந்த மலையில் தன்னார்வப் பயிற்சியாளர். வேலூரில் படித்தவர்களுக்கு மேரி வர்கீஸ் கதை தெரியாமல் இருக்காது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு அங்கே மறுவாழ்வுத் துறையையே கட்டியெழுப்பியவர். அந்த வளாகத்தில் எங்களுக்கு முதலில் அடித்துப் படியவைத்த பாடம், ஒருவரை ஒழுங்காக உட்காரவைப்பது. நடக்கவைப்பதெல்லாம் அப்புறம். இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா, பாரம் இரண்டு உட்காரும் எலும்பிலும் சமமாக விழுகிறதா, வால் எலும்பு அழுந்துகிறதா, மூன்று நிமிடத்துக்குப் பிறகு தோல் சிவக்கிறதா. அப்போது சலித்துக்கொண்டு கற்றது. கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மைல் மேலே, உறைபனியில் அதுதான் என் தொழிலுக்கு மூலதனமாகும் என்று யார் கண்டது!

உட்கார்ந்து சறுக்கும் மோனோ ஸ்கீயைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரே ஒரு சறுக்குப் பலகை. நின்று சறுக்குகிறவர்கள் கடையில் வாங்கும் அதே பலகை. அதிலுள்ள பைண்டிங் சாதாரணமாகப் பூட்ஸைக் கவ்வும்; இங்கே ஓர் உலோகச் சட்டத்தின் அடியைக் கவ்வுகிறது. சட்டத்தில் ஒரு ஷாக் அப்சார்பர். அதற்கு மேலே ஃபைபரில் வார்த்த இருக்கை. பக்கெட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். முன்னால் காலை நீட்டி வைக்க ஒரு தட்டு, மேலே ஓர் உறை. கைக்கொன்றாக இரண்டு அவுட்ரிக்கர்: முழங்கைக்குக் கீழே பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல், அதன் நுனியில் சின்னச் சறுக்குத் துண்டு. கைப்பிடி அருகே இருக்கும் கயிற்றை இழுத்தால் அந்தத் துண்டு செங்குத்தாக நிமிரும், அதன் பின்பக்கப் பற்கள் பனியில் குத்தி நிற்கும். சமதளத்தில் தள்ளிக்கொண்டு போக அது உதவும். கயிற்றை விட்டால் படிந்து சறுக்கும். அவ்வளவுதான் கருவி. பிரான்ஸில் தெசியே, ஆஸ்திரியாவில் பிராஷ்பெர்கர் என்று கைதேர்ந்த தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பல ஆயிரம் டாலர்.

இருக்கைதான் எல்லாம் என்று நான் சொல்வது தொழில் கர்வம் என்று சிலர் நினைப்பதுண்டு. வரலாறு என் பக்கம்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காலை இழந்த ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைவீரர்கள் ஊன்றுகோலின் நுனியில் சறுக்குத் துண்டைக் கட்டி ஒற்றைக் காலில் சறுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1948இல் ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைனில் அவர்களுக்குப் போட்டியே நடந்தது. 1976இல் ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் முதல் குளிர்கால பாராலிம்பிக்ஸ். அதிலும் பனிச்சறுக்கில் இறங்கியவர்கள் கையோ காலோ இழந்தவர்களும் பார்வையற்றவர்களும்தான். உட்கார்ந்து சறுக்கும் பிரிவு பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது 1988இல், இன்ஸ்ப்ரூக்கில். பாட்காஸ்டைனிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்கு ரயிலில் போனால் சில மணி நேரம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

இடையில் துணிச்சல்காரர்களுக்குப் பஞ்சமா? அதெல்லாம் இல்லை. ஒற்றைக்கால் வீரனுக்கு இடுப்பும் வயிற்றுத் தசையும் முழுசாக இருந்தன. அவனுக்கு வேண்டியது கைக்கு ஒரு துணை. செயலிழந்தவருக்கு இடுப்பே எதிராளி. அதைப் பலகையோடு எப்படிப் பிணைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் படிக்கும்போது மலையேற்ற விபத்தில் கால்கள் செயலிழந்த பீட்டர் ஆக்ஸல்சன் எழுபதுகளின் கடைசியில் அரோயா என்ற சறுக்கு வண்டியை வடிவமைத்தார். தோணி மாதிரி தாழ்வான வண்டி, சரிவில் கீழே போகும், ஓரளவு திரும்பும். ஷாக் அப்சார்பர் மேல் உயர்ந்து நிற்கும் பக்கெட் வந்த பிறகுதான், இடுப்பில் தொடங்கும் சாய்வு பலகையின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அளவுக்கு வருகிறேன்.

முதலில் மருத்துவக் கோப்பைப் பார்ப்பேன், பிறகு மூடிவைத்துவிடுவேன். அடிபட்ட மட்டம் டி10 என்று எழுதியிருந்தால் உணர்வு தொப்புள் மட்டத்தோடு நிற்கிறது என்று பொருள். டி6 என்றால் நெஞ்செலும்பு முடியும் இடம். டி4 என்றால் மார்க்காம்பு மட்டம். கோப்பு ஒரு கோடு போடும், உடம்பு வேறொரு கோடு போட்டிருக்கும். “ரெண்டு கையையும் பக்கவாட்டில விரிங்க. கண்ணை மூடுங்க. இப்ப தலையை மட்டும் வலது பக்கம் திருப்புங்க.” இதில் தெரிந்துவிடும். சிலர் அப்படியே நிற்பார்கள். சிலர் சரிவார்கள், சரியும்போது எந்த இடத்திலிருந்து மீண்டு வர முயல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியது. விலாவிலிருந்தா, தோளிலிருந்தா, கழுத்திலிருந்தா? அந்த இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே பக்கெட்டின் முதுகு முடிய வேண்டும். அதற்கு மேலே உயர்த்தினால் வேலை செய்யும் தசையைக் கூட்டில் அடைத்துவிடுகிறோம். கீழே இறக்கினால் ஆள் மடங்கி விழுவார்.

போன பருவத்தில் ஒரு தம்பி வந்திருந்தான். ஊர் திருநெல்வேலிப் பக்கம், டாலஸில் மென்பொருள் வேலை, நெடுஞ்சாலை விபத்து, டி10. கூட அம்மா. ஊரிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு குளிர்காலம் கண்டவர், இருந்தாலும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். பையன் கெட்டிக்காரன். இணையத்தில் கிடைத்த காணொளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எந்த நீளப் பலகை வேண்டும் என்றுகூட முடிவு செய்து வந்திருந்தான். “அக்கா, பலகையைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறீங்களே” என்றான். நான் அவன் தொடைக்கும் பக்கெட் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் தாராளமாகப் போனது. ஃபோம் துண்டை அறுத்துச் செருகி மறுபடியும் விட்டேன். நகம் மட்டும் போனது. அதற்கப்புறம்தான் பலகையைப் பற்றிப் பேசினேன்.

அந்த ஒரு விரல் இடைவெளி என்ன செய்துவிடும்? தோளை இடதுபக்கம் சாய்த்தால் உடம்பு முதலில் அந்த வெற்றிடத்துக்குள் நகரும், பக்கெட் நகராது. திரும்பவில்லையே என்று இன்னும் சாய்ப்பார். உடம்பு போய்ச் சுவரில் மோதியதும் மொத்தப் பாரமும் ஒரே நொடியில் பக்கெட்டுக்குப் போகும், பலகை வெட்டென்று விளிம்பேறும், ஆள் விழுவார். தொளதொள செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது போலத்தான். விழுந்தவர் தன் சமநிலையைக் குறை சொல்வார், தைரியத்தைக் குறை சொல்வார், விபத்தைக் குறை சொல்வார். ஃபோமை யாரும் குறை சொல்வதில்லை.

அப்படியானால் இறுக்கிக் கட்டிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். இறுக்கம் போதாது என்பது சறுக்குக்காரியின் நியாயம். இறுக்கம் கூடாது என்பது பிசியோவின் நியாயம். இரண்டு பேரும் நானாக இருப்பதால் பஞ்சாயத்து எனக்குள்ளேயே நடக்கும். உணர்வற்ற தோலுக்கு வலி தெரியாது. ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் இருக்கும் செப்புக் குமிழ் ஒன்று போதும், அரை நாளில் படுக்கைப்புண்ணுக்கு வழி போட்டுவிடும். புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். அதனால் ஜீன்ஸ் கிடையாது. பாக்கெட்டில் பர்ஸ், சாவி, போன் கிடையாது. உள்ளாடையின் தடித்த தையல் உட்காரும் எலும்புக்கு அடியில் வருகிறதா என்று கையைவிட்டுத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும். கூச்சப்பட்டால் நடக்காத வேலை. கால் எலும்புகள் வருடக்கணக்கில் பாரம் தாங்காமல் மெலிந்திருக்கும். லேசாக முறுகினாலே முறியும், முறிந்தது தெரியவும் தெரியாது. ஆகவே முழங்காலும் கணுக்காலும் ஆடாமல் பட்டையிட வேண்டும்.

பட்டைகளில் ராஜா இடுப்புப் பட்டைதான். நெஞ்சுப் பட்டையை இறுக்குவதில் எல்லோருக்கும் ஆர்வம், ஏனென்றால் அங்கே உணர்வு இருக்கும், பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். இடுப்புப் பட்டை தளர்வாக இருந்து நெஞ்சுப் பட்டை இறுகியிருந்தால், வழுக்கி முன்னால் வருகிற இடுப்பு ஆளையே கீழே இழுத்து, பட்டை மார்புக்கூட்டில் போய் நிற்கும். இடுப்பு மடியும் இடத்தில் பட்டை உட்கார வேண்டும். இழுப்பு பின்னோக்கியும் கீழ்நோக்கியும் சரிவாக இருக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் முழங்காலைத் தள்ளிப் பிடிப்போம். பட்டை மூத்திரப் பையின் குழாயை நசுக்காமல் போகிறதா என்பதை இழுத்த பிறகு மறுபடி பார்ப்பேன்.

அந்தக் குழாய் சின்ன விஷயமில்லை. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, உணராத பகுதியில் ஏதாவது தொந்தரவு என்றால் (நிரம்பிய மூத்திரப்பை, இறுகிய பட்டை, மடங்கிய சாக்ஸ்) ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறிவிடும். மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், மேல் உடம்பு வியர்க்கும். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். “தலை வலிக்குது, உயரம் போல” என்று அப்படிப்பட்டவர் சொன்னால் நான் உயரத்தைச் சந்தேகிப்பதில்லை, குழாயைப் பார்ப்பேன். கழிப்பறைச் சங்கடத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. இந்த உயரத்தில் அது இன்னொரு வம்பு. குளிரைப் பற்றியும் ஒன்று: கால் உறைந்தாலும் அவருக்குத் தெரியாது, ஆகவே இடையிடையே உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிப் பார்ப்போம். கடையில் விற்கும் சூட்டுப் பொட்டலங்களை அன்பினால் சாக்ஸுக்குள் செருகிவிடும் உறவினர்களிடம் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். உறைவது தெரியாத காலுக்கு வேவதும் தெரியாது.

எல்லாம் பூட்டிய பிறகு, அறைக்குள்ளேயே கடைசிச் சோதனை. பக்கெட்டைப் பலகையில் ஏற்றி, இரண்டு அவுட்ரிக்கரையும் தரையிலிருந்து தூக்கச் சொல்வேன். பின்னால் என் கை அவர் தோளைத் தொடாமல் நிற்கும். பாரம் பலகையின் நடுவில் விழுகிறதா? பின்னால் விழுந்தால் சரிவில் பலகையின் முனை அலையும், திருப்பம் தொடங்கவே தொடங்காது. முன்னால் விழுந்தால் வால் வழுக்கிக்கொண்டு போகும். சட்டத்தில் இருக்கும் திருகைத் தளர்த்தி அரை அங்குலம் முன்னே, கால் அங்குலம் பின்னே. அந்தத் தம்பி தூக்கிய கைகளோடு இரண்டு மூச்சு நின்றான். “அட!” என்றான். பனியைத் தொடுவதற்கு முன்னாலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. நான் முக்கால் மணி நேரம் செலவழிப்பது அந்த ஒரு “அட”வுக்காகத்தான்.

வெளியே போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இது கவிழ்ந்திராதா?”

“கவிழும்மா. முதல்ல கவிழத்தான் சொல்லிக்கொடுப்போம்.”

விழுவதில் நுணுக்கம் இருக்கிறது. கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போகும், தோள் போகும். சக்கர நாற்காலிக்காரருக்குத் தோள்தான் கால். அதை இழந்தால் வீட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக்கூட வழியில்லை. அதனால் விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கைகளை மடக்கி உடம்போடு சேர்த்துக்கொண்டு, பக்கெட்டின் பக்கச் சுவரை விழவிட வேண்டும். எழுவது அடுத்தது. புதிதாக வருகிறவர்கள் சமதளத்தில் விழுந்தால் எழுவது சுலபம், செங்குத்தில் கஷ்டம் என்று நினைப்பார்கள். தலைகீழ். பலகையைச் சரிவுக்குக் குறுக்காக, தன் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்துவிட்டால், செங்குத்தான இடத்தில் தரை ஏற்கெனவே பாதி தூக்கிவைத்திருக்கும். மேல்பக்கம் ஒரு உந்து, நிமிர்ந்துவிடலாம். சமதளத்தில் முழுப் பாரத்தையும் ஒரு கையால் தூக்க வேண்டும். பயந்து பயந்து தட்டையான இடத்திலேயே சுற்றுகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான்.

திருப்பத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், கொஞ்சம்தான் சொல்வேன். போக வேண்டிய இடத்தைப் பார். தலை போனால் தோள் போகும், தோள் போனால் விலா, விலா போனால் பக்கெட். வயிற்றுத் தசை இல்லாதவருக்குத் தலைதான் சுக்கான். மனித மண்டை நாலைந்து கிலோ கனம், ஹெல்மெட் தனி. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாரம் மாறும். எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு: பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு தானாக மேட்டுப்பக்கம் சாய்ந்து, மேட்டுப்பக்க அவுட்ரிக்கரில் சுமையை இறக்கிவிடும். அந்த நொடியில் அடியிலிருக்கும் விளிம்பு பிடி விடுகிறது. அவுட்ரிக்கர் ஊன்றுவதற்கல்ல, தொட்டுக்கொள்வதற்கு. பள்ளத்துப் பக்கம் மேல் உடம்பைக் கொடுக்கத் துணிந்தவருக்குத்தான் பலகை கீழ்ப்படியும். நின்று சறுக்குகிறவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் முழங்காலை வைத்து ஏமாற்றிவிடுவார்கள், இவருக்கு ஏமாற்ற வழியில்லை. அதனாலேயே நல்ல மோனோ ஸ்கீக்காரரின் திருப்பம் சுத்தமாக இருக்கும். நின்று சறுக்கும் என் திருப்பத்தைவிட எவ்வளவோ சுத்தம்.

இந்தப் பருவங்களில் எனக்கு அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது டெதர். பக்கெட்டின் பின்சட்டத்தில் இரண்டு பக்கமும் கோத்த நீள நாடா, மறுமுனை பின்னால் வரும் பயிற்சியாளர் கையில். வேகம் மிஞ்சினால் நான் பலகையை அகலமாக விரித்துப் பனியில் உழுதுகொண்டு பிடிப்பேன். திருப்பம் திணறினால் ஒரு பக்க நாடாவைச் சுண்டுவேன். பக்கவாதம், கழுத்து மட்டத்து அடி, கை வலுவில்லாதவர்கள் எல்லோருக்கும் இரண்டு பலகை கொண்ட தாழ்வான பை-ஸ்கீ உண்டு. அதில் நாடா கடைசிவரை இருக்கலாம், அதில் குறைவேதும் இல்லை. மோனோ ஸ்கீக்காரருக்கு அப்படியில்லை. நாடா விறைப்பாக இருந்தால் அவர் அதில் சாய்ந்துகொள்ளப் பழகுவார். பின்னால் பிடி இருக்கிறது என்று உடம்பு கண்டுகொண்டால் பாரம் பின்னுக்குப் போகும். நாடாவைக் கழற்றிய அன்று, கற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எனவே நாடா என் கையில் இருக்கும், ஆனால் தொய்ந்திருக்கும். தொய்வு பனியில் உரசாமலும், அவருக்கு இழுப்பு தெரியாமலும் வைத்துக்கொண்டு அவர் வேகத்துக்கே பின்னால் போவது என் கால்களுக்குப் பெரிய தண்டனை. சுண்டி இழுத்து நல்ல திருப்பம் போடவைத்து, “பிரமாதம்!” என்று கைதட்டும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். யாருடைய திருப்பம் அது? பணம் கட்டி வந்தவருக்கு அது தெரிய வேண்டாமா?

எப்போது கழற்றுவது? வழிகாட்டிப் புத்தகங்கள் நிறுத்தும் திறன், பக்கவாட்டில் வழுக்கும் திறன் என்று பட்டியல் தரும். நான் பார்ப்பது ஒன்றுதான்: வேகம் மிஞ்சும்போது தானாகவே மேட்டுப்பக்கம் திருப்பி நிறுத்துகிறாரா. என் நாடாவுக்காகக் காத்திராமல் அவரே நிறுத்திவிட்டால், நாடாவுக்கு இனி வேலையில்லை. தம்பி மூன்றாம் நாள் மதியம் அப்படி நிறுத்தினான். நான் கொக்கியைக் கழற்றி நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அவனிடம் சொன்னேன். சொல்லாமல் கழற்றிவிட்டு அப்புறம் “பார், நீயாகவே வந்தாய்” என்று வியப்பூட்டும் வித்தை எனக்குப் பிடிக்காது. தன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை அடுத்தவர் தீர்மானித்த நாட்கள் அவர்களுக்கு ஏற்கெனவே ஏராளம்.

சேர்லிஃப்ட் தனிக் கலை. லிஃப்ட் ஊழியருக்குக் கையைக் காட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். நாற்காலி பின்னால் வரும்போது சறுக்குகிறவர் பக்கெட்டை நெம்பி மேலே உயர்த்திக்கொண்டு, அவுட்ரிக்கரால் தரையை உந்தி எழ, நான் பின்சட்டத்தைப் பிடித்துத் தூக்க, நாற்காலி அடியில் நுழையும். ஒரு மூச்சு பிசகினாலும் விளிம்பில்தான் உட்கார்ந்திருப்பார். மேலே போனதும் பாதுகாப்புப் பட்டை. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் பக்கெட்டோடு கீழே இறக்க வேண்டும் என்பதால், இறக்கும் கயிற்றுக்கான கொக்கியும் பட்டையும் ஒவ்வொரு வண்டியிலும் இருந்தாக வேண்டும். இல்லாத வண்டியை நான் அறையைவிட்டு வெளியே விடுவதில்லை.

இந்த மலையில் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஹால் ஓ’லியரி. 1970இல் டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த, கையோ காலோ இழந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்த சறுக்குப் பயிற்சியாளர். அதுவே வளர்ந்து இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய விளையாட்டு மையமாக நிற்கிறது. பிறகு இன்னொரு பக்கம், முன்னாள் படைவீரர்களுக்காக 1987இல் தொடங்கிய குளிர்கால முகாம், இப்போது ஆஸ்பென் அருகே ஸ்னோமாஸில் ஆண்டுதோறும் நடக்கிறது. கொலராடோ முழுக்கவே இந்தத் தொழிலின் பட்டறை மாதிரி ஆகிவிட்டது.

பந்தயங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உட்கார்ந்து சறுக்குவோரை எல்டபிள்யூ 10 முதல் 12 வரை பிரிப்பார்கள். உடற்பகுதியில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் அல்லது மிகக் குறைவாக உள்ளவர்கள் 10, இடுப்புவரை நல்ல கட்டுப்பாடு உள்ளவர்கள் 12. ஒவ்வொருவர் நேரத்தையும் அந்தந்தப் பிரிவுக்குரிய விகிதத்தால் பெருக்கி முடிவு சொல்வார்கள். அதனால் முதலில் கோட்டைக் கடந்தவர் ஜெயித்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி நாளில் சறுக்கும்போது விழுந்து செயலிழந்து, பிறகு குளிர்கால பாராலிம்பிக்ஸில் 12 பதக்கம் எடுத்த கிறிஸ் வாடெல், சோச்சியில் 2014இல் ஐந்து தங்கத்தையும் அள்ளிய ஜெர்மனியின் அன்னா ஷாஃபெல்ஹூபர், பெய்ஜிங்கில் 2022இல் மூன்று தங்கம் எடுத்த ஜப்பானின் முராவோகா மோமோகா: இவர்கள் ஓட்டத்தைக் காணொளியில் பார்த்தால் முகத்தையும் கையையும் விட்டுவிட்டு, பக்கெட்டின் மேல்விளிம்பும் இடுப்பும் சேரும் கோட்டைப் பாருங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரிலும் அங்கே ஒரு கோடுதான் தெரியும், இரண்டாகத் தெரியாது. பின்னால் இருக்கும் பெயர் தெரியாத ஃபோம் அறுப்பவர்களுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

கையும் அசையாதவர்களுக்கு? யூட்டா பல்கலைக்கழகத்தில் டெட்ரா ஸ்கீ என்று ஒன்று செய்திருக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியோ, வாயில் வைத்த குழலை ஊதியும் உறிஞ்சியுமோ பலகைகளைத் திருப்பலாம். மின்விசை அந்த வேலையைச் செய்யும். பின்னால் நாடாவோடு ஒருவர் போவார், திருப்புவது உட்கார்ந்திருப்பவர். மின்சாரம் புகுந்தால் அது சறுக்கே இல்லை என்று முணுமுணுப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே திரும்புவது, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிப்பவர் யாரோ அவர்தான் சறுக்குகிறார். ஆனால் அங்கேயும் இருக்கை இருக்கை என்று நான் தொணதொணப்பேன். கழுத்து மட்டத்தில் அடிபட்டவரின் தலை ஒரு பள்ளத்தில் தூக்கிப்போட்டு நகர்ந்துவிட்டால், குழல் வாயைவிட்டுப் போய்விடுமே. தலைக்கும் கழுத்துக்கும் சரியான தாங்கல் இல்லாமல் எந்த மோட்டாரும் பிரயோஜனமில்லை.

தம்பி போன மாதம் டாலஸிலிருந்து பேசினான். சொந்தமாக ஒரு மோனோ ஸ்கீ வாங்கப் பணம் சேர்த்துவிட்டானாம். “அக்கா, பக்கெட் முதுகை ஒரு இன்ச் இறக்கிக்கலாமா? திரும்பும்போது விலாவுல முட்டுற மாதிரி இருக்கு.”

முட்டுவது தெரிகிறது என்றால் அங்கே தசை வேலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் உடனே சரியென்று சொல்லவில்லை. அறுவை சிகிச்சையில் அவன் முதுகில் வைத்த கம்பிகள் எந்த முள்ளெலும்பில் முடிகின்றன என்று கேட்டேன். பக்கெட்டின் விளிம்பும் கம்பி முடியும் இடமும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் அடி அங்கேதான் விழும். மருத்துவரிடம் எக்ஸ்ரே வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை வாங்காதே, டிசம்பரில் வந்து இங்கே இருக்கும் பழைய பக்கெட் ஒன்றை அறுத்துப் பார்ப்போம், அதில் இரண்டு நாள் சறுக்கிவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். கொஞ்சம் முனகினான். அம்மாவும் வருகிறார்களா என்று கேட்டேன். வருகிறார்களாம், பலகை வாடகை எவ்வளவு என்று விசாரிக்கச் சொன்னார்களாம். யாருக்கு என்று அவன் சொல்லவில்லை.